சிபாரிசுகளும் செலவுக் கணக்கும்

1894ஆம் வருஷத்துச் சிறைச்சாலைகள் சட்டத்தின் 23ஆவது பிரிவு ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடக் கூடியது. சிறையின் உத்தியோகஸ்தராக நியமனம் பெறும் கைதி, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் அர்த்தத்தில் பொது ஊழியராகவே கருதப்படுவார் என்பது அதன் சாரம். கொலைக்குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்று உள்ளே வந்த ஒருவனை, சில வருஷங்கள் அடங்கி ஒடுங்கிக் கழித்தான் என்பதைக் கருதி மற்றக் கைதிகளுக்குக் காவலனாக உயர்த்தி, அவன்மேல் கை வைப்பவன் சர்க்கார் ஊழியன்மேல் கை வைத்த குற்றத்துக்கு ஆளாவான் என்று சட்டமே அவனுக்கு அரணும் கட்டிக் கொடுத்த விந்தை அது. நம் தேசத்துச் சிறைச் சீர்திருத்தத்தின் கதையை எழுதப் புகுகிறவன் தொடங்க வேண்டிய இடம் இந்தப் பிரிவுதான் என்பது என் அபிப்பிராயம்.

சிறை வழக்கில் இவனுக்குக் கன்விக்ட் வார்டர் என்று பெயர். அவனுக்குக் கீழே கன்விக்ட் ஓவர்ஸீயர், அவனுக்கும் கீழே இரவுக் காவல் பார்க்கும் கைதி என்று படிகள் உண்டு. சாயங்காலம் லாக்கப் நேரத்தில் கைதிகள் இரண்டிரண்டு பேராகக் குந்தி உட்கார, தலை எண்ணிப் பிளாக்குக்குள் அனுப்பித் தாழிட்டபின், சம்பளம் வாங்கும் வார்டர் கம்பிக்கு வெளியே நிற்பார். உள்ளே உறங்குகிறவர்களின் நடுவே நடந்து, எண்ணிக்கை சரியாக இருக்கிறதென்று வெளியே இருப்பவருக்குக் குரல் கொடுப்பது காவல் கைதியின் கடமை. யாருக்கு ஜன்னலோரம் படுக்கை, யாருக்குக் கக்கூஸ் ஓரம் படுக்கை, யாருடைய பீடி மறைவாகவே இருந்துவிடலாம், யாருடைய பீடி மேலிடத்துக்குத் தெரிய வேண்டும் என்பதெல்லாம் அவன் மனம் போல நடக்கும். இவ்வளவுக்கும் அவனுக்குச் சம்பளம் கிடையாது. சாதாரணக் கைதிக்குக் கிடைப்பதைவிட மாதந்தோறும் சில நாள் கூடுதலாகத் தண்டனையில் கழிவு உண்டு. அந்தக் கழிவைக் கொடுப்பதும் பறிப்பதும் சிறை சூப்பரின்டெண்டெண்டின் கையில். ஆகவே கஜானாவுக்கு ஒரு காசும் செலவில்லை. மேலதிகாரியின் சொல்லை மீறும் துணிவும் அந்த ஊழியனுக்கு ஒருநாளும் வராது.

இந்த மலிவைத்தான் நான் இங்கே முக்கியமாகக் கவனிக்கச் சொல்கிறேன். சிறைகளை ஆராய இரு நூற்றாண்டுகளாகக் கமிட்டி வைத்திருக்கிறோம். அவற்றின் அறிக்கைகளை அடுக்கினால் ஒரு பீரோ கொள்ளாது. அவை ஒவ்வொன்றிலும் காசு கேட்கிற சிபாரிசுகளும் காசு கேட்காத சிபாரிசுகளும் கலந்தே கிடக்கின்றன. வெள்ளைக்காரன் ஆண்டாலும் நம்மவர் ஆண்டாலும், காசு கேட்காதவற்றைத் தாமதமின்றி ஏற்றுக்கொண்டு, காசு கேட்பவற்றை அடுத்த கமிட்டியின் பரிசீலனைக்கு விட்டுவிடுவது ராஜாங்க சம்பிரதாயமாகவே நிலைத்துவிட்டது.

முதல் கமிட்டி மெக்காலே பிரபுவின் தூண்டுதலால் பிறந்தது. இந்தியாவுக்கென்று ஒரு தண்டனைச் சட்டம் வகுக்க வந்த அவர், எவ்வளவு சிறந்த சட்டத்தை எழுதி வைத்தாலும் அது விதிக்கும் தண்டனையை நிறைவேற்ற ஒழுங்கான சிறை இல்லாவிட்டால் பயனில்லை என்று 1835ஆம் வருஷக் கடைசியில் ஒரு குறிப்பு எழுதினார். அடுத்த மாதமே கமிட்டி அமைந்தது. 1838இல் அறிக்கை வந்தது. அக்காலத்தில் கைதிகளில் பெரும்பாலோர் காலில் விலங்கோடு சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையை நிறுத்தவேண்டும், கீழ்நிலை ஊழியர்களிடையே மலிந்திருக்கும் லஞ்சத்தை ஒழிக்கவேண்டும், ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட தண்டனைக்காரருக்கு மத்தியச் சிறைகள் கட்டவேண்டும், மாகாணந்தோறும் சிறைகளுக்கு ஓர் இன்ஸ்பெக்டர் ஜெனரலை நியமிக்கவேண்டும் என்றெல்லாம் சொன்ன அதே கமிட்டி, கல்வி, நீதிபோதனை, நன்னடத்தைக்கு வெகுமதி ஆகிய யாவற்றையும் வேண்டுமென்றே நிராகரித்தது. மனத்துக்கு எவ்வித ருசியும் தராத ஒரேமாதிரியான வேலையே தண்டனைக்கு ஏற்றதென்பது அதன் தீர்மானம்.

கடுமைக்குப் பணம் வேண்டாம், கட்டடத்துக்கு வேண்டும். முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் வடமேற்கு மாகாணத்தில் 1844இல் தான் பதவி ஏற்றார். ஆக்ரா மத்தியச் சிறை 1846இல் வந்தது. மற்றவை நிதி கிடைத்தபோது கிடைத்தபடி எழும்பின. ருசியற்ற வேலையோ எங்கும் எளிதில் பரவிற்று. கோயமுத்தூர் சிறையில் மாட்டுக்குப் பதிலாக வ.உ. சிதம்பரம் பிள்ளையைப் பூட்டி இழுக்க வைத்த செக்கை இன்றும் சென்னைக் கிண்டி காந்தி மண்டபத்தில் பார்க்கலாம். கப்பல் கம்பெனி நடத்திய வக்கீலை எண்ணெய் ஆட்ட வைத்தது ஏதோ ஒரு ஜெயிலரின் குரூரம் மாத்திரம் என்று நினைத்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது. அந்தச் செக்கின் பின்னே, கல்கத்தாவில் கற்றறிந்த கனவான்கள் கூடி ஆலோசித்து எழுதிய ஒரு கொள்கையும் இருந்தது.

அதே கமிட்டி ஜாதி விஷயத்தில் மட்டும் கையைச் சுருக்கிக்கொண்டது. உயர்ந்த ஜாதிக்காரனை ஏதாவதொரு தொழிலில் ஏவினால் அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் ஆயுள் முழுதும் இழிவு வந்து சேரும் என்று அஞ்சிற்று. பிற்பாடு பொதுப் பந்தியைப் புகுத்திய இடங்களிலும், 1855இல் ஆராவிலும் முசாபர்பூரிலும் கைதிகளின் பித்தளைச் செம்பைப் பிடுங்கி மண் பாத்திரம் கொடுத்த போதும் கலகமே மூண்டுவிட்டது. அதன்பின் சிறை நிர்வாகம் ஜாதியோடு சமாதானம் செய்துகொண்டது. சமையல் வேலை ஒருசாராருக்கு, மலம் அள்ளும் வேலை வேறொருசாராருக்கு என்று விதிப்புத்தகங்களிலேயே எழுதி வைத்தார்கள். இதற்கும் செலவில்லை என்பதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

கைதியைக் கொண்டே கைதியைக் காவல் காப்பது வேரூன்றிய இடங்களில் சிங்கப்பூர் முக்கியமானது. வங்காளம், சென்னை முதலிய இடங்களிலிருந்து கடல் கடத்தப்பட்ட இந்தியக் கைதிகளே அங்கே சாலை போட்டார்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள், தமக்குத் தாமே வார்டர்களாகவும் இருந்தார்கள். அங்கே அதிகாரியாக இருந்த மெக்நேர் என்பவர் இந்த ஏற்பாட்டின் பெருமையைப் பேசித் தனிப் புத்தகமே போட்டார். ஓரளவுக்கு அவர் பெருமைப்பட்டதில் நியாயமும் இருந்தது: தண்டனை முடிந்தபின் அவ்வூரிலேயே குடியேறி வாழப் போகிற கைதிக்கு இந்தப் பதவி ஒரு படிக்கட்டாக இருந்தது. இந்தியாவின் சுவர்களுக்குள் அது வந்தபோது அந்தப் படிக்கட்டின் மேல்முனை எங்கேயும் போய்ச் சேரவில்லை.

1864இல் இரண்டாவது கமிட்டி. முந்திய பத்து வருஷங்களில் இந்தியச் சிறைகளுக்குள் 46,309 பேர் இறந்துபோனார்கள் என்று அது கணக்கெடுத்தது. நெரிசலும் காற்றோட்டமின்மையும் கெட்ட நீரும் காரணம் என்று கண்டு, தலைக்கு 54 சதுர அடி இடமும் 640 கன அடி காற்றுவெளியும் வேண்டுமென்று வரையறுத்தது. வரையறை வரையறையாகவே நின்றது. பின்னும் 1877இல் ஒரு மாநாடு, 1888இல் ஒரு கமிட்டி, 1892இல் இன்னொரு மாநாடு என்று கூடிக் கலைந்து, முடிவில் 1894ஆம் வருஷச் சட்டம் பிறந்தது.

விசாரணை என்றாலே நன்மையில் முடியும் என்று நம்புகிறவர்கள் அந்தமானின் கதையைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். 1890இல் லயால், லெத்பிரிட்ஜ் என்ற இரு அதிகாரிகள் போர்ட் பிளேருக்குப் போய் விசாரித்துவிட்டு, கைதிகள் தீவாந்தர தண்டனைக்கு அஞ்சவில்லை, உள்நாட்டுச் சிறையைக் காட்டிலும் அதையே விரும்புகிறார்கள் என்று எழுதினார்கள். அதற்குப் பரிகாரமாக, போய் இறங்கியதும் ஒவ்வொருவனையும் சில காலம் தனியறையில் அடைத்து வைக்கவேண்டுமென்று சிபாரிசு செய்தார்கள். அந்தச் சிபாரிசிலிருந்து எழுந்ததுதான் செல்லுலர் ஜெயில்: 1896இல் தொடங்கி 1906இல் முடிந்தது, நடுக்கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகள் விரிந்தது, ஒரு சிறகின் அறைவாசல் மறு சிறகின் முதுகைப் பார்க்கும்படி அமைந்தது. சுதந்திரப் போராட்டத்தின் மிகக் கொடிய சின்னமாக நாம் தரிசிக்கப் போகும் அந்தக் கட்டடம் ஒரு விசாரணை அறிக்கையின் சிபாரிசை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியதன் பலன். அச்சத்தை விளைவிப்பதென்றால் மட்டும் கஜானா திறக்கும் போலும். செலவுக் கணக்கைப் பற்றி நான் சொல்லிவரும் கட்சிக்கு இது ஒரு விலக்கு என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

அந்தக் கொள்கையைத் தலைகீழாகத் திருப்பியவர் சர் அலெக்சாண்டர் கார்டியூ. சென்னை கவர்னரின் நிர்வாக சபையில் அங்கம் வகித்த ஐ.சி.எஸ். அதிகாரியாகிய இவருடைய தலைமையில் 1919–20இல் இந்தியச் சிறைகள் கமிட்டி இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் என்று சுற்றிப் பார்த்து, அந்தமானுக்கும் போய் வந்தது. கைதியைத் திருத்தி வெளியே அனுப்புவது சிறையின் கடமை என்று இந்தியாவில் முதன்முதலாகத் துணிந்து எழுதியது இந்த அறிக்கைதான். அந்தமானுக்கு ஆட்களை அனுப்புவதை நிறுத்தச் சொல்லிற்று. சிறுவர்களைப் பெரியவர்களோடு அடைக்கக் கூடாதென்றது. பலன் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. சிறுவர்களைப் பொறுத்தமட்டில் சென்னை மாகாணம் முந்திக்கொண்டது: 1920இல் சிறுவர் சட்டம், 1925இல் பார்ஸ்டல் பள்ளிச் சட்டம், 1936இல் நன்னடத்தைக் கண்காணிப்புச் சட்டம், தஞ்சாவூரில் பார்ஸ்டல் பள்ளி. பெரியவர்களின் சிறைக்கு நேர்ந்தது வேறு. கமிட்டி எழுதிக்கொண்டிருக்கும்போதே மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தம் வந்து, சிறைகளை மாகாணங்களின் பொறுப்பில் தள்ளிவிட்டது. கமிட்டி போட்டவர் டில்லியில், செலவு செய்யவேண்டியவர் மாகாணத்தில் என்று ஆனபின் அறிக்கை யாருடைய குழந்தை என்றே தெரியவில்லை. அந்தமானுக்கும் 1932இல் அரசியல் கைதிகளை மறுபடி கப்பலேற்றினார்கள்.

இடையில் லாகூரில் நடந்தது ஒன்று. அரசியல் கைதிகளை மனிதர்களாக நடத்தவேண்டுமென்று பகத் சிங்கின் தோழர்கள் உண்ணாவிரதம் இருக்க, ஜதீந்திரநாத் தாஸ் 63ஆம் நாளில், 1929 செப்டம்பர் 13ஆம் தேதி, உயிர் நீத்தார். தேசம் கொதித்ததன்மேல் பஞ்சாபில் விசாரணைக் கமிட்டி அமைந்தது. அடுத்த வருஷம் ஏ, பி, சி என்ற வகுப்புப் பிரிவினை வந்தது. கைதியின் அந்தஸ்து, கல்வி, வாழ்க்கைப் பழக்கம் ஆகியவற்றைப் பார்த்துக் கட்டிலும் பாலும் கொடுப்பதா, களியும் பாயும் கொடுப்பதா என்று முடிவு செய்வார்களாம். எல்லோருக்கும் கேட்டதைச் சிலருக்குக் கொடுத்து, பேசத் தெரிந்தவர்களின் வாயை அடைத்துவிட்டால் செலவு வெகுவாக மிச்சம். நம் தலைவர்களில் பலர் ஏ வகுப்பில் இருந்து எழுதிய சிறைக்குறிப்புகளைப் படித்தே சிறையை அறிந்துகொண்ட நமக்கு, சி வகுப்பின் சுவர் எப்படி இருந்தது என்பது இன்றளவும் சரிவரத் தெரியாது.

அந்த அறியாமையை ஓர் இரவு கலைத்தது. 1976 ஜனவரி 31ஆம் தேதி தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, மிசாச் சட்டத்தின் கீழ் கட்சிக்காரர்களும் திராவிடர் கழகத்தாரும் பிறரும் சாரிசாரியாகச் சென்னை மத்தியச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டனர். முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு அவர்களில் ஒருவர். மணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்த மு.க. ஸ்டாலின் ஒருவர். பிப்ரவரி 2ஆம் தேதி இரவு அவர்களை ஒவ்வொருவராக அடித்து நொறுக்கினார்கள். அடித்தவர்களில் சம்பள வார்டர்களும் இருந்தனர், கன்விக்ட் வார்டர்களும் இருந்தனர். சிட்டிபாபு 1977 ஜனவரியில் காலமானார். அவர் எழுதி வைத்த டைரி பின்னர் புத்தகமாயிற்று.

நெருக்கடி நிலை நீங்கியபின், 1977இல், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி மு.மு. இஸ்மாயீல் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. 1952ஆம் வருஷத்து விசாரணைக் கமிஷன்கள் சட்டத்தின்படி அமையும் கமிஷனுக்குச் சிவில் நீதிமன்றத்துக்குரிய சில அதிகாரங்கள் உண்டு: சாட்சியை வரவழைக்கலாம், சத்தியப் பிரமாணம் செய்விக்கலாம், பதிவேடுகளைக் கேட்டு வாங்கலாம். தண்டிக்க முடியாது. அதன் முடிவு சர்க்காரைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. ஆறு மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்போடு சட்டசபையில் வைக்கவேண்டும் என்பதோடு சட்டத்தின் வலிமை தீர்ந்தது. இருந்தும், கைதியின் வாக்குமூலமும் சூப்பரின்டெண்டெண்டின் வாக்குமூலமும் ஒரே மேஜையின்மேல் ஒரே கனத்தோடு வைக்கப்படுகிற இடம் இந்தத் தேசத்தில் அதைத் தவிர அதிகமில்லை. அடி விழுந்தது உண்மை என்று கமிஷன் கண்டது.

எதை நாம் அந்த அறிக்கையிலிருந்து எடுத்துக்கொண்டோம் என்பதே என் வருத்தம். அரசியல் மேடையில் அது நாற்பது வருஷங்களுக்கு மேல் உபயோகப்பட்டது. மிசாவில் யார் இருந்தார், யார் இல்லை, யார் பெயர் எந்த அறிக்கையில் வருகிறது என்ற வாக்குவாதம் 2019இலும் கிளம்பிப் பத்திரிகைகளை நிரப்பிற்று. எல்லோரும் பெயர்களைத் தேடினார்கள். அன்றிரவு லத்தியைப் பிடித்த ஆயுள் கைதிக்கு அந்த லத்தியை எந்தச் சட்டம் கொடுத்தது, அவன் மறுத்திருந்தால் அவனுடைய கழிவு நாட்கள் என்ன ஆகியிருக்கும், அடுத்த கேட்டுக்குப் பின்னே பெயரில்லாத சாதாரணக் கைதிகளுக்கு அதே லத்தி எத்தனை வருஷமாக விழுந்துகொண்டிருந்தது என்ற விசாரணையில் ஒரு கட்சிக்கும் சிரத்தை பிறக்கவில்லை. வெளியே வந்து மந்திரிகளானவர்களும் அதற்கு விலக்கல்ல. பட்ஜெட்டில் வார்டர் சம்பளத்துக்குத் தொகை ஒதுக்குவது ஓட்டு வாங்கித் தரும் காரியமன்று.

அதே காலத்தில் டில்லியில் நீதிபதி கிருஷ்ண ஐயர், திகார் சிறையில் சக கைதி ஒருவன் சித்திரவதைக்குள்ளானதைச் சுனில் பத்ரா என்ற கைதி ஒரு காகிதத்தில் எழுதி அனுப்ப, அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்று 1979 டிசம்பரில் தீர்ப்பெழுதினார். கிருஷ்ண ஐயர் 1948இல் தாமே சிறையில் அடைபட்டவர். 1957இல் கேரள மந்திரிசபையில் சிறை இலாகாவையும் பார்த்தவர். 1980இல் மத்திய சர்க்கார் நீதிபதி ஆனந்த நாராயண் முல்லா தலைமையில் அகில இந்தியக் கமிட்டியை அமைத்தது. சென்னையில் விசாரித்தவர் கம்பனில் தோய்ந்த முஸ்லிம். டில்லியில் விசாரித்தவர் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற உருதுக் கவியாகிய காஷ்மீரப் பண்டிதர். நம் நாட்டின் இந்த அழகு கருங்கல் சுவர்களைப் பற்றிய அறிக்கைகளில் வந்து பொருந்தியது எனக்கு எப்போதுமே ஒரு சந்தோஷம்.

முல்லா கமிட்டி 1983இல் அறுநூறுக்கும் மேற்பட்ட சிபாரிசுகளைக் கொடுத்தது. சிறையைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுவரவேண்டும், நிரந்தரமான தேசியச் சிறைக் கமிஷன் வேண்டும், சிறைப் பணிக்கென்று பயிற்சி பெற்ற அகில இந்திய சேவை வேண்டும் என்பவை தலையானவை. சிறை இன்னமும் மாநிலப்பட்டியலின் 4ஆவது இனமாகவே இருக்கிறது. அதற்குப் பிறகும் மாதிரி விதிப்புத்தகங்கள் வந்தன. 1,382 சிறைகளின் நிலையைப் பற்றி உச்சநீதிமன்றம் தானே எடுத்துக்கொண்ட வழக்கில் நீதிபதி அமிதாவ ராய் கமிட்டி 2018இல் அமைந்தது. 1894ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதி மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். 2022ஆம் வருஷ முடிவின் அதிகாரபூர்வக் கணக்குப்படி 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். விசாரணைக் கைதிகளை மட்டும் உள்ளே வைத்தாலே சிறை ஏறக்குறைய நிரம்பிவிடும் என்று அர்த்தம். 1864இன் 54 சதுர அடியை அங்கே எந்த மூலையில் அளப்பது?

2024 அக்டோபர் 3ஆம் தேதி, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், ஜாதி பார்த்து வேலை பிரிக்கிற சிறை விதிகளை உச்சநீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்று ரத்து செய்தது. பாளையங்கோட்டைச் சிறையில் தேவர், நாடார், பள்ளர் ஆகியோரைத் தனித்தனிப் பகுதிகளில் வைத்திருப்பதும் அவ்வழக்கில் பிரஸ்தாபிக்கப்பட்டது. மோதல் வராமலிருக்கவே பிரித்து வைக்கிறோம் என்ற சமாதானத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. 1838இன் கமிட்டி அஞ்சி ஒதுங்கிய இடத்துக்கு வந்து சேர 186 வருஷங்கள் ஆயின. மூன்று மாதத்துக்குள் விதிப்புத்தகங்களைத் திருத்தவேண்டும், கைதிகளின் பதிவேட்டில் ஜாதி என்ற பத்தியை அடித்துவிடவேண்டும் என்பது உத்தரவு.

பத்தியை அடிக்க ஒரு பேனா போதும். ஆனால் பாளையங்கோட்டையில் மூன்று பகுதிகளைக் கலந்து அடைத்துவிட்டு, இரவில் அங்கே அசம்பாவிதம் நேராமல் பார்த்துக்கொள்ள, கம்பிக்கு உள்ளேயும் வெளியேயும் சம்பளம் வாங்குகிற, பயிற்சி பெற்ற, எந்தக் கைதியின் ஜாதிக்கும் கடமைப்படாத வார்டர்கள் வேண்டும். தேசம் முழுவதிலும் சிறை ஊழியர்களின் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்துக்குச் சுமார் மூன்று காலியாகக் கிடக்கின்றன. அவற்றை நிரப்பச் சொல்லும் கோப்பு சிறைத்துறையிலிருந்து உள்துறைக்கும், உள்துறையிலிருந்து நிதித்துறைக்கும் போகவேண்டும். அடுத்த வருஷ மானியக் கோரிக்கையில் சிறைத்துறையின் பக்கத்தைப் புரட்டுகிற சட்டசபை அங்கத்தினர் யாராவது இருந்தால், சம்பளக் கணக்கின் கீழ் உள்ள தொகை கூடியிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டு மற்ற வரிகளுக்குப் போகலாம்.